இந்தச் சுவர் யாருக்குச் சொந்தம்?

குட்டீஸ், உங்கள் பள்ளிக்கூடச் சுவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஏதாவது படம் வரைந்திருக்கிறார்களா? அநேகமாக இந்திய வரைபடம் இருக்கும். பெருக்கல் வாய்ப்பாடு இருக்கும். 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு மரமும் இருக்கும். அதையெல்லாம் யார் வரைந்தார்கள்? கோடை விடுமுறையில் நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பெயிண்டர் அண்ணன் வந்து வரைந்துவிட்டுப் போயிருப்பார். ஜூன் மாதம் வந்து பார்த்தால் சுவரில் படம்! 'உங்களுக்கு என்ன படம் வேண்டும்?' என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஊர்ச் சுவரில் ஓவியம் தீட்டுவதை இப்போது பல நாடுகளில் பார்க்கலாம். செய்தித்தாளிலும் அடிக்கடி போட்டோ வருகிறது. கையில் பிரஷ், சட்டை முழுக்க பெயிண்ட், முகமெல்லாம் சிரிப்பு. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டோவில் தெரியாத ஒரு கேள்வி உண்டு. ஊருக்குப் பொதுவான சுவரில் எதை வரைவது என்று முடிவு செய்ய வேண்டியது யார்? வரைகிறவரா? சுவருக்குச் சொந்தக்காரரா? தினமும் அந்த வழியாக நடந்து போகிற உங்களைப் போன்றவர்களா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரண்டு சுவர்கள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகளே வரைந்த சுவர். இன்னொன்று, அழித்தே தீரவேண்டும் என்று சில பிள்ளைகள் கேட்ட சுவர். இந்த இரண்டின் கதையும் தெரிந்தால் நம் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று புரிந்துவிடும்.

ஆற்றுக்குள் ஒரு படம்

லாஸ் ஏஞ்சலீஸ் என்றதும் ஹாலிவுட் சினிமாதான் ஞாபகம் வரும். அந்த ஊரில் ஆறும் உண்டு. ஆனால் நேரில் பார்த்தால் அதை ஆறு என்றே சொல்ல மாட்டீர்கள். வெள்ளம் ஊருக்குள் புகுந்து நாசம் செய்ததால், ஆற்றையும் அதன் கிளைகளையும் பெரும்பாலும் சிமெண்ட் கால்வாயாக மாற்றிவிட்டார்கள். அடியிலும் சிமெண்ட், இரண்டு கரையிலும் சிமெண்ட். அப்படி ஒரு கால்வாயின் பெயர் துஹங்கா வாஷ்.

1974-ல் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைக்கு ஒரு யோசனை வந்தது. கால்வாய் ஓரத்தில் சின்னப் பூங்கா, சைக்கிள் பாதை எல்லாம் அமைக்கிறோமே, அப்படியே அந்த மொட்டைச் சுவரையும் கொஞ்சம் அழகாக்கினால் என்ன? ஜூடி பாக்கா என்ற ஓவியரை அழைத்துக் கேட்டார்கள். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் 1946-ல் பிறந்தவர் அவர். ஆற்றைச் சிமெண்ட் போட்டு மூடியதை நிலத்தின் மேல் விழுந்த தழும்பு என்பார். அந்தத் தழும்பின் மேல் குத்திய பச்சைதானாம் அவருடைய ஓவியம்.

பாக்கா தொழிலால் ஒரு டீச்சர். தான் படித்த உயர்நிலைப் பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தவர். ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் இருந்த மாணவர்களைச் சேர்த்து அங்கே ஒரு சுவரோவியம் வரைய வைத்தார். பிறகு நகரத்தின் பூங்காக்களில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே போனால் வேறு பிரச்சினை. தெருவுக்குத் தெரு கோஷ்டி! இந்தத் தெருப் பையன் அந்தத் தெருப் பக்கம் கால் வைத்தால் அடிதடி, சில சமயம் கத்திக்குத்து. 1970-ல் நான்கு எதிரிக் கோஷ்டிகளிலிருந்து சுமார் 20 பேரைப் பிடித்துவந்து, ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் ஒரு படம் வரையச் சொன்னார். வரையும்போது ஒருவர் காவலுக்கு நிற்பார். வேறு கோஷ்டி வந்தால் சைகை காட்ட வேண்டுமே!

அவர்கள் என்ன வரைந்தார்கள் தெரியுமா? இரண்டு கைகளையும் விரித்து வா வா என்று அழைக்கும் ஒரு பாட்டியை. எந்தக் கோஷ்டிக்கும் பாட்டியோடு சண்டை கிடையாதே!

இப்படிப்பட்டவரிடம் போய் 'சுவரை அழகாக்குங்கள்' என்று சொன்னால் பூவும் பறவையுமா வரைவார்? கலிஃபோர்னியாவின் வரலாற்றையே வரையலாம் என்றார். அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாதவர்களின் வரலாறு.

1976 கோடையில் வேலை தொடங்கியது. 80 இளைஞர்கள் வந்தார்கள். சிறு குற்றங்களில் மாட்டிக்கொண்டு, நீதித்துறை வழியாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 'கொஞ்ச நாள் பெயிண்ட் அடி, திருந்திவிடுவாய்' என்று தண்டனையாக அனுப்பவில்லை, சம்பளம் கொடுத்தார்கள். கூடவே சுமார் பத்து ஓவியர்கள், சில வரலாற்று அறிஞர்கள். அந்த ஒரு கோடையில் மட்டும் 1,000 அடி நீளம் முடிந்தது. அதன் பிறகு 1978, 1980, 1981, 1983 என்று மேலும் நான்கு கோடைகள். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் கை வைத்தார்கள். இப்போது அதன் நீளம் 2,754 அடி, உயரம் சுமார் 13 அடி. 100 மீட்டர் ஓட்டத்தை எட்டு முறை ஓடினாலும் படத்தின் கடைசியைத் தொட இன்னும் 39 மீட்டர் பாக்கி இருக்கும்! 'லாஸ் ஏஞ்சலீஸ் பெருஞ்சுவர்' என்று இதை அழைக்கிறார்கள்.

கட்டம் போட்டால் யானையும் வரும்

இவ்வளவு பெரிய படத்தை எப்படி வரைந்தார்கள்? சுவர் முன்னால் நின்றுகொண்டு நினைத்தபடி இழுத்துவிட முடியாது. கிட்டத்தில் நின்றால் மூக்கு மட்டும்தான் தெரியும். முகம் கோணலாகப் போவது தெரியவே தெரியாது.

அதனால் முதலில் சின்னதாகக் காகிதத்தில் வரைவார்கள். அதன் மேல் கட்டம் போடுவார்கள். சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய பெரிய கட்டம். காகிதத்தில் மூன்றாவது கட்டத்தில் யானையின் கண் இருந்தால், சுவரிலும் மூன்றாவது கட்டத்தில்தான் கண் வர வேண்டும். உங்கள் டிராயிங் மாஸ்டர் காந்தி தாத்தா படத்தைப் பெரிதாக்கக் கற்றுக் கொடுத்தாரே, அதே வித்தைதான்! சுவரில் நேர்கோடு போட ஸ்கேல் பத்தாது. நூலில் சுண்ணப்பொடியைத் தடவி, இரண்டு முனையையும் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் கோடு விழுந்துவிடும். கொத்தனார் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் சுவரைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஈரம் ஏறாமல் அடிப்பூச்சு பூச வேண்டும். கோட்டுப்படம் முடிந்து, அக்ரிலிக் வண்ணம் தீட்டி முடித்ததும், நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு ஒன்று மேலே அடிக்க வேண்டும். நாலு பக்கமும் சிமெண்ட் சூடு. தலைக்கு மேலே வெயில்.

இந்த வேலையில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. நீ தோளை வரைகிறாய், உனக்குப் பிடிக்காத பையன் கையை வரைகிறான் என்று வைத்துக்கொள். கை தோளோடு பொருந்த வேண்டுமே! 'உன் கோடு எங்கே வருகிறது?' என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்? பேசாமல் இருக்கவே முடியாது. சமாதானமாகப் போங்கள் என்று நூறு முறை புத்தி சொல்வதைவிட ஒரு பெரிய படத்தைக் கொடுத்து வரையச் சொல்வது எவ்வளவோ மேல் என்பேன்.

சரி, எல்லாவற்றையும் பிள்ளைகளே முடிவு செய்தார்களா? அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். முதல் கோடையில் ஓவியர்கள் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு வடிவமைத்தார்கள். படம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. அதனால் 1978-லிருந்து முழு வடிவமைப்பையும் பாக்கா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆனால் படத்துக்குள் வரவேண்டிய கதைகளை அவர் தனியாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. வரலாற்று அறிஞர்களிடமும், அந்தச் சம்பவங்களை நேரில் பார்த்த ஊர்க்காரர்களிடமும் கேட்டார்கள். வரைந்த இளைஞர்கள் பலருக்கு அது அவர்கள் வீட்டுக் கதை.

அதில் என்னென்ன இருக்கிறது? ஆதிகால மிருகங்களில் தொடங்குகிறது. பிறகு சூமாஷ் என்ற பழங்குடி மக்களின் கிராமம். கொஞ்ச தூரம் நடந்தால், ரயில் பாதை போட வந்த சீனத் தொழிலாளர்கள். இன்னும் நடந்தால், 1930-களில் மெக்சிகோ வம்சாவளி மக்களை ரயிலேற்றி அனுப்பிய காட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள். அப்படி அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1950-களைப் பற்றியது. மலைப்பாம்பு போல நெடுஞ்சாலை வளைந்து வளைந்து வந்து ஒரு குடும்பத்தையே பிரித்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு விளையாட்டு அரங்கம், பறக்கும் தட்டு போல வானத்திலிருந்து வந்து இறங்குகிறது. சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் வசித்த மக்களை வெளியேற்றிய பிறகு, அங்கே பேஸ்பால் அரங்கம் கட்டினார்கள். 1962-ல் திறந்தார்கள். அங்கே விளையாட்டுப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சுவருக்குத் தெரியும்.

வெள்ளை அடித்தால் போய்விடுமா?

இப்படி உண்மையைச் சுவரில் வரைந்தால் எல்லோரும் கைதட்டுவார்களா? மாட்டார்கள். இதே லாஸ் ஏஞ்சலீஸில் 1932-ல் நடந்ததைக் கேளுங்கள்.

மெக்சிகோவின் புகழ்பெற்ற சுவரோவியர் சிகெய்ரோஸ் அந்த ஊர் ஓவியப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்த வந்தார். மாணவர்களோடு சேர்ந்து பள்ளிச் சுவரிலேயே ஒரு படம் வரைந்தார். அடுத்து, நகரத்தின் ஓல்வேரா தெருவில் ஒரு கட்டடத்தின் மாடிச் சுவரில் இன்னொரு படம். வெப்ப மண்டலக் காட்டையும் கிளிகளையும் அழகழகாக வரைவார் என்று காத்திருந்தார்கள். அவரோ படத்தின் நடுவில், சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பழங்குடி மனிதரை வரைந்துவிட்டார். மேலே அமெரிக்கக் கழுகு! பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஒரு வருடத்துக்குள் படத்தின் ஒரு பகுதிக்கு வெள்ளை அடித்தார்கள். சில ஆண்டுகளில் படம் முழுவதையும் மூடிவிட்டார்கள்.

ஆனால் வெயிலும் மழையும் யார் பேச்சையும் கேட்காதே! 1960-களின் கடைசியில் வெள்ளைப் பூச்சு உரிய ஆரம்பித்தது. உள்ளே இருந்த மனிதர் மங்கலாக எட்டிப் பார்த்தார். அந்த ஊர் இளம் ஓவியர்களுக்கு அது பெரிய உற்சாகம். பாக்காவும் பின்னாளில் மெக்சிகோவுக்குப் போய், சிகெய்ரோஸின் பட்டறையில் சுவரோவிய நுட்பங்களைக் கற்றுவந்தார். அந்தப் பழைய படம் கவனமாகப் பாதுகாக்கப்பட்டு, 2012-ல் மறுபடி மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதற்கு எண்பது வருடம் ஆனது.

அடுத்த கூத்து 2002-ல். தனியார் கட்டடங்களில் சுவரோவியம் வரையவே லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் தடை போட்டது. ஓவியத்தின் மேல் கோபமா? இல்லை, விளம்பரத்தின் மேல். பெரிய பெரிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தப் போனபோது, 'ஓவியத்துக்கு மட்டும் அனுமதி, எங்களுக்கு இல்லையா?' என்று கம்பெனிகள் கேட்டன. அதனால் இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். 2013-ல்தான் புதுச் சட்டம் வந்து தடை நீங்கியது. (நம் ஊரில் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் வெள்ளை அடித்து 'ரிசர்வ்' என்று எழுதிவைப்பார்களே, அந்தச் சுவர்களும் என் ஞாபகத்துக்கு வருகின்றன!)

பிள்ளைகள் வெறுத்த சுவர்

இனி இரண்டாவது சுவர். இது சான் ஃபிரான்சிஸ்கோவில், ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளிக்குள் இருக்கிறது. பள்ளி கட்டிய 1936-லேயே விக்டர் அர்னாடாஃப் என்ற ஓவியர் வரைந்தது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் வாழ்க்கையைச் சொல்லும் 13 படங்கள். ஈரச் சுண்ணத்தின் மேல் வரைந்தவை என்பதால், வண்ணம் சுவரோடு சுவராக ஊறிவிட்டது. கழற்றி எடுத்து வேறு இடத்தில் மாட்டவும் முடியாது.

வாஷிங்டன் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். இது உண்மை. அர்னாடாஃப் அதை மறைக்காமல் வரைந்தார். தரையில் இறந்து கிடக்கும் ஒரு பழங்குடி மனிதரையும் வரைந்தார். வெள்ளையர்கள் மேற்கே போனபோது என்ன நடந்தது என்று காட்டுவதுதான் அவருடைய நோக்கம்.

நல்ல நோக்கம்தானே என்கிறீர்களா? இப்போது உங்களை அந்தப் பள்ளியின் கறுப்பின மாணவியாகவோ பழங்குடி மாணவனாகவோ நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் புத்தகப் பையோடு நுழையும்போது, உங்கள் முன்னோர் அடிமையாகக் குனிந்து நிற்பதையும், செத்துக் கிடப்பதையும் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏற வேண்டும். நாலு வருடமும் இதே கதை. 'அது கலை, உனக்குப் புரியவில்லை' என்று யாராவது சொன்னால் கோபம் வருமா, வராதா?

1960-களின் கடைசியிலேயே அங்கே மாணவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அப்போது ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். பழைய படத்தை அழிக்கவில்லை. டூயி கிரம்ப்ளர் என்ற இளம் கறுப்பின ஓவியரை அழைத்துப் பதில் படம் வரையச் சொன்னார்கள். அவரும் மாணவர்களோடு பேசி, கறுப்பினத்தவர், பழங்குடியினர், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க மக்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்கும் படங்களை வரைந்தார். 1974-ல் அது முடிந்தது. ஒரு சுவர் பேசியதற்கு இன்னொரு சுவர் பதில் சொன்னது!

அதோடு முடிந்ததா? இல்லை. 2019 ஜூனில் பழைய படத்தின் மேல் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம் என்று நகரத்தின் கல்வி வாரியம் தீர்மானம் போட்டது. பெரிய கூச்சல் எழுந்தது. அழிக்கக் கூடாது என்றவர்களில் கிரம்ப்ளரும் ஒருவர்! பழைய படம் போய்விட்டால் தன் படம் யாருக்குப் பதில் சொல்லும்? ஆகஸ்டில், 'பெயிண்ட் வேண்டாம், பலகை வைத்து மறைப்போம்' என்று வாரியம் மாற்றிச் சொன்னது. முன்னாள் மாணவர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2021-ல் தீர்ப்பு வாரியத்துக்கு எதிராக வந்தது. 2022-ல் புதிதாக அமைந்த வாரியம் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது.

யார் பக்கம் நியாயம்? அழிப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். சிகெய்ரோஸ் கதை ஒன்று போதும். ஆனால் மனம் புண்படுகிறது என்று சொன்ன பிள்ளைகளைக் கேலி செய்தார்களே, அது அதைவிடப் பெரிய தவறு. பெருஞ்சுவரிலும் துயரக் காட்சிகள் உண்டு. இருந்தாலும் அதைத் தீட்டியவர்களில் அந்தத் துயரத்தை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். எதை வரைவது, எப்படி வரைவது என்ற பேச்சில் அவர்களுக்கும் இடம் இருந்தது. வாஷிங்டன் பள்ளியில் முதல் படத்தை வரைந்தபோது அப்படி யாரையும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. ஒரே மாதிரி உண்மை, இரண்டு சுவர்களில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

இனி என்ன வரைவார்கள்?

பெருஞ்சுவர் வெயிலில் வெளுத்து, தண்ணீரில் ஊறி உரிந்துபோனதால் 2011-ல் புதுப்பித்தார்கள். 2017-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் ஒரு குறை. கதை 1950-களோடு நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தாத்தா பாட்டி காலம்!

மீதிக் கதையையும் வரைய 2021-ல் மெலன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 37 கோடி ரூபாய். 1960-களில் தொடங்கி 2020 வரை கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். இந்த முறை கால்வாய்க்குள் நின்று வரையவில்லை. சுவரில் ஒட்டக்கூடிய துணியில் வரைகிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து 2024 ஜூலை வரை லாஸ் ஏஞ்சலீஸ் கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கண்முன்னாலேயே ஒரு பகுதியைத் தீட்டினார்கள். வெயில் இல்லை, தூசி இல்லை, படமும் நீண்ட நாள் நிற்கும். எல்லாம் சௌகரியம்தான். ஆனால் சண்டைக்காரப் பையன்கள் வேர்க்க விறுவிறுக்க ஒருவர் கோட்டை இன்னொருவர் கேட்டு வரைந்தார்களே, அது இந்த ஏ.சி. ஹாலில் கிடைக்குமா? கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதிகால யானையை எப்படி வரைந்தாலும் வந்து சண்டை போட யானை இருக்காது. 1990-ஐயோ 2020-ஐயோ வரைந்தால், அதைப் பார்த்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். 'அன்றைக்கு அப்படியா நடந்தது?' என்று கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு மாதிரி சொல்வார்கள்.

2020 உங்களில் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சிலர் செல்போனில் பாடம் படித்தார்கள். வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தவர்கள் அண்ணன் படித்து முடிக்கும் வரை காத்திருந்தார்கள். போனே இல்லாதவர்களும் இருந்தார்கள். அந்த வருடத்தை வரைய உங்கள் பள்ளியில் 13 அடி உயரச் சுவர் ஒன்றைக் கொடுத்து, 'முதல் கோட்டை எங்கே போடலாம்?' என்று உங்கள் டீச்சர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடமும் கேட்டுப் பாருங்கள். அவர் வேறு ஏதாவது சொல்வார்.